முப்பத்தொன்றாம் கணக்கு

பிரிசில்லா எழுதும் கணக்குகளில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். மற்ற புத்தகங்களில் 'ஒரு பொருள்' என்று பெயரில்லாத ஏதோ ஒன்று அநாதையாகச் சரிவில் உருண்டுகொண்டிருக்கும். இவளுடைய கணக்கில் பண்ருட்டிப் பலாப்பழம் இருபது மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழும். எதிர்வீட்டு மங்கலம் மாடியில் நின்றுகொண்டு சாவிக்கொத்தை எறிவாள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாங்கிய சுண்டல் பொட்டலம் நிலாவுக்குப் போய் ஆறில் ஒரு பங்கு எடையோடு நிற்கும். பாதிக் கணக்குகளின் கீழே ஒரே வரி இருக்கும்: காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்.

"கடலூர்ல ஒக்காந்துகிட்டு காத்தப் பொறக்கணின்னு எழுதுறியே பாப்பா, ஒனக்கே சிரிப்பு வரல?" என்பார் அப்பா ஆரோக்கியராஜ்.

அவர் செம்மங்குப்பத்தில் ரசாயன ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஆபரேட்டர். காகிதத்தில் போடும் கணக்கு வேறு, வால்வைத் திருகினால் நடப்பது வேறு என்பது அவருடைய கட்சி. கட்சி மாறுகிற ஆளும் இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் கொளஞ்சியப்பன் சார் நடத்தும் டியூஷன் சென்டரில் பிரிசில்லா இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. எம்.எஸ்ஸி. முடித்தவள். 2011 ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள், இயற்பியலும் வானியலும் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு நூறு பயிற்சிக் கணக்குகள் கொண்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சார் குதித்தார். அச்சடிப்பது சிதம்பரத்தில். அங்கே அச்சகத்தில் புரூஃப் பார்த்து, விடைகளையும் போட்டுச் சரிபார்க்க ஓர் ஆள் இருந்தான். பெயர் மரிய அருள். அவனும் எம்.எஸ்ஸி. இயற்பியல்தான்.

அவன் சிவப்பு மையில் எழுதுவான், இவள் பச்சை மையில் பதில் எழுதுவாள். முதல் கட்டுத் தாளில், பலாப்பழக் கணக்கின் ஓரத்தில், "விடை இரண்டு வினாடி, சரி. ஆனால் அறுபத்தைந்து அடி உயரத்தில் எந்த மரம் காய்க்கிறது?" என்று சிவப்பு மை கேட்டது. "அண்ணாகிராமத்துப் பக்கம் வந்து பாருங்கள்" என்று பச்சை மை பொய் சொன்னது. "எப்போது வரட்டும்?" என்றது சிவப்பு. அவ்வளவுதான், விழுந்தது பலாப்பழம் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு நாம் மேலே போகலாம். மூன்றாவது கட்டுத் தாள் வருவதற்குள் இருவரும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை ரோஸ் மில்க் குடித்திருந்தார்கள்.

இந்த ஆனந்தத்தில் ஒரு முள். அருளுக்கு நிரந்தர வேலை இல்லை. பிரிசில்லாவின் அம்மா சவரிமேரியோ நெய்வேலியில் நிரந்தர வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவனைப் பார்த்துவைத்திருந்தாள். ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவர்கள் வீட்டார் பூவும் பழமுமாக வருவதாக ஏற்பாடு. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிறன்று கோயில் முடிந்து வந்த கையோடு, குருத்தோலையைக்கூடக் கீழே வைக்காமல், பிரிசில்லா அப்பாவிடம் விஷயத்தை உடைத்தாள்.

ஆரோக்கியராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மேஜையிலிருந்த அச்சுத் தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"கணக்குப் போட்டே குடும்பம் நடத்திருவீங்களா ரெண்டு பேரும்? எங்க, என்ன கணக்குன்னு பாப்போம்."

அவர் விரல் போய் நின்ற இடம் முப்பத்தொன்றாம் கணக்கு. 'ஏப்ரல் 21ஆம் தேதி பகல் சரியாக 12 மணிக்குக் கடலூரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது செங்குத்தாக நட்ட பத்தடிக் கம்பத்தின் நிழலின் நீளம் என்ன?' விடை, பூஜ்யம்.

"வெயில் அடிக்கும், கம்பம் நிக்கும், நெழல் மட்டும் இருக்காதா?" அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேய்க்குத்தாம்மா நெழல் கெடையாதும்பாங்க."

"வருஷத்துல ரெண்டே நாள் அப்புடி வரும்ப்பா. வர்ற வியாழக்கெழம ஒண்ணு. நம்ம வாசல்லயே பாக்கலாம்."

"பந்தயமா?"

"பந்தயம்!"

கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஆனால் பிரிசில்லாவுக்கு அன்றைக்குத் தரையில் கால் நிற்கவில்லை. பந்தயம் இதுதான்: வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிழல் காணாமல் போனால், ஆரோக்கியராஜே சிதம்பரம் போய் அருள் வீட்டில் பேசுவார். நிழல் இருந்தால், திங்கட்கிழமை நெய்வேலிக்காரர்கள் வரும்போது இவள் வாயைத் திறக்கக்கூடாது. கையில் அடித்துச் சத்தியம் ஆனது. சூரியனையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறோம், அது என்ன காலை வாரிவிடவா போகிறது என்று அவள் நான்கு நாளும் பாடிக்கொண்டே திரிந்தாள். அருளிடம் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

பெரிய வியாழனும் வந்தது. அன்று சாயங்காலப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். அந்த வருஷத்துப் பன்னிரண்டு பேரில் ஆரோக்கியராஜும் ஒருவர். யார் எந்த அப்போஸ்தலர் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். போன வருஷம் யூதாஸ் சீட்டு வந்த அந்தோணிசாமி, சாமியாரோடு மூன்று மாதம் பேசவில்லை. ஆரோக்கியராஜுக்கு வந்தது தோமையார். அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தானாம்.

கழுவுவதற்குக் கொடுக்கப்போகிற பாதம் அழுக்காக இருந்தால் மானம் போய்விடும் அல்லவா? அதனால் அவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இரண்டு வேளையும் காலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, வீட்டுக்குள்ளும் செருப்போடு நடந்தார். இதைப் பார்க்கப் பார்க்க சவரிமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமியாருக்குக் கழுவ ஒண்ணும் மிச்சம் வெக்காத" என்றாள்.

அன்று காலை பத்து மணிக்கு அவரே வாசலில் பத்தடி இரும்புக் குழாயை நட்டார். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கி வந்து நாலு பக்கமும் பிடித்துப் பார்த்தார். கம்பம் கோணல் என்று பிறகு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. தரையைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சமப்படுத்தினார். எதிராளியின் பந்தயத்துக்கு இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பிரிசில்லாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பத்தேகாலுக்கு அருளுக்கு ஒரு மெசேஜ் தட்டினாள். 'இன்னைக்கு சரியா 12 மணிக்கு எங்க வாசல்ல நம்ம கல்யாணம் முடிவாகுது. அப்பாவோட பந்தயம். 31ஆம் கணக்கு. செபம் பண்ணுங்க.' அனுப்பிவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டாள். பிறகு தலைக்குக் குளித்து, மஞ்சள் சுடிதார் போட்டு, வாசலில் போய் நின்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு மங்கலம் குடையோடு வந்து சேர்ந்தாள். தன் சாவிக்கொத்து புத்தகத்தில் வரப்போகிறது என்பதில் அவளுக்கு ஏற்கனவே பெருமை. இப்போது கல்யாணமே கணக்கில் தொங்குகிறது என்றால் வராமல் இருப்பாளா?

"கொடய மடக்கும்மா! ஒன் கொட நெழலே அரை மைலுக்கு விழுவுது" என்று ஆரோக்கியராஜ் அதட்டினார். அவர் கையில் இஞ்ச் டேப். இன்னொரு கையில் கடிகாரம், காலையில்தான் ரேடியோவைக் கேட்டுச் சரிசெய்தது.

நிழல் குறைந்துகொண்டேதான் வந்தது. பிரிசில்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினொன்று ஐம்பதுக்குப் பத்து அங்குலம். ஐம்பத்தைந்துக்கு ஏழரை. "போவுது பாருங்க, போவுது பாருங்க!" என்று மங்கலத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பங்குக் கோயிலில் பன்னிரண்டு மணி செபத்துக்கு மணி அடித்தது.

ஆரோக்கியராஜ் தொப்பியில்லாத தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, செபத்தைச் சொல்லி முடித்து, நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு குனிந்து டேப்பை வைத்தார்.

"அஞ்சு அங்குலம்."

நிழல் குழாயின் மேற்குப் பக்கம், கறுப்பாக, திட்டமாக, யாரோ கரியால் இழுத்துவிட்ட கோடு போலக் கிடந்தது. பிரிசில்லா அதையே பார்த்தாள். மங்கலம் குடையை விரித்துக்கொண்டாள், துக்க வீட்டில் செய்வதைப் போல மெதுவாக.

"நான் சொன்னேன்ல பாப்பா" என்றார் அப்பா. ஜெயித்த குரல் இல்லை அது. மகளின் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "புஸ்தகம் வேற, வாசல் வேற. விடு. சாமியாரு ஒத்திகைக்குப் பன்னெண்டரைக்கு வரச்சொல்லியிருக்காரு, நான் வேட்டி மாத்துறேன்."

அவர் படியேறினார். பிரிசில்லா நகரவில்லை. கண் கலங்கியதில் நிழல் அசைவது போல் இருந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தாள். நிஜமாகவே அசைந்திருந்தது. டேப்பைப் பிடுங்கி வைத்தாள். நாலரை. மங்கலத்தின் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். பன்னிரண்டு ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டு இரண்டுக்கு நாலு.

ஐந்து அங்குல நிழல் நிமிஷத்துக்கு அரை அங்குலம் குறைகிறது, எப்போது பூஜ்யமாகும்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பத்து நிமிஷம். பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பத்து! இந்த எண்ணை அவள் ஏற்கனவே எங்கேயோ பார்த்திருக்கிறாள், அதுவும் சிவப்பு மையில். முப்பத்தொன்றாம் கணக்கின் ஓரத்தில் அருள் எழுதியிருந்தான்: '12 அல்ல, 12.10.' காரணமும் எழுதியிருந்தான். அவள் அதைப் படித்தாளா? அன்று அவளுக்குத் தலைகால் புரியாத நாள், இரண்டாவது ரோஸ் மில்க்கின் மறுநாள். உச்சி வெயில் என்றால் பன்னிரண்டு மணி, இது யாருக்குத் தெரியாது என்று பச்சை மையால் ஒரே அடியாக அடித்துவிட்டாள்.

"அப்பா!" தெருவே கேட்கக் கத்தினாள். "அப்பா, போவாதீங்க! இன்னும் எட்டு நிமிஷம்!"

ஆரோக்கியராஜ் பாதி வேட்டியோடு எட்டிப் பார்த்தார். "பேச்சு மாறக்கூடாது. பன்னெண்டுன்னா பன்னெண்டு. பிளான்ட்ல பன்னெண்டுக்குத் தெறக்க வேண்டிய வால்வ பன்னெண்டு பத்துக்குத் தெறந்தா என்னாவும் தெரியுமா?"

"தப்பு என்னுதுப்பா. சூரியன் மேல ஒண்ணும் தப்பு இல்ல. தோத்துட்டேன்னே வெச்சுக்குங்க, திங்கக்கெழம நான் வாயே தெறக்கல. ஆனா எட்டு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போங்க!"

சவரிமேரி உள்ளிருந்து வந்து மகளைப் பார்த்தாள். நெய்வேலியை அவள்தான் பார்த்துவைத்தது. ஆனாலும், "நில்லேன்யா, எட்டு நிமிஷத்துல ஒன் காலு கறுத்தா போயிரும்?" என்றாள். அவர் முனகிக்கொண்டே படியிறங்கினார்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. ஒரு கையில் வாரறுந்த செருப்பு, மறு கையில் ஒரு தாள். நின்றவர்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை. நேரே குழாயின் அடியில் போய் மண்டியிட்டான்.

"இன்னும் போவல இல்ல? ரெண்டு அங்குலம் இருக்கு. அப்பாடா!"

"யாருப்பா நீ?" என்றார் ஆரோக்கியராஜ்.

அவன் நிமிர்ந்தான். எங்கே வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "புரூஃப் சார்" என்றான். "வந்து... அருள். சிதம்பரம். இவங்களுக்குப் போன் பண்ணேன், எடுக்கல. பதினேழு தடவ பண்ணேன். பஸ்ஸ வுட்டு எறங்குனா ரயில்வே கேட்டு மூடிட்டான். குனிஞ்சு பூந்து வந்தேன், செருப்பு அறுந்துடுச்சு." மூச்சு வாங்கியது. "பன்னெண்டு பத்துக்குத்தான் சார் போவும். நேத்து எங்க ஊர்ல போச்சு. அச்சாபீஸ் மொட்டமாடியில பென்சில நிக்க வெச்சுப் பாத்தேன். சூரியன் ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வடக்க நவுருது. நேத்து சிதம்பரம், இன்னைக்குக் கடலூரு. நாடு முழுக்க ஒரே நேரம், நம்ம கையில கட்டியிருக்கிறது அலகாபாத் பக்கத்துக் கடியாரம் சார். அங்க உச்சி வந்து பத்து நிமிஷம் கழிச்சுத்தான் நமக்கு வரும்."

ஆரோக்கியராஜ் கையை நீட்டினார். அருள் தாளைக் கொடுத்தான். அதில் சிவப்பு மையில் '12.10', பக்கத்தில் தேதி ஏப்ரல் 3. அதன் மேல் பச்சை மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி. கீழே பச்சையில் ஒரு வரி. அதை அவர் சத்தமாகப் படித்தார்.

"'மாணவர்களைத் தேவையில்லாமல் குழப்ப வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும்.'" மகளைப் பார்த்தார். "ஓகோ?"

பிரிசில்லாவுக்குக் காது சிவந்தது. அருள் கீழே பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினான்.

"ஒண்ணர" என்றாள் மங்கலம். டேப் இப்போது அவள் வசம். "ஒரு அங்குலம்... அரை... யக்கா, காணோம்! அய்யய்யோ, எங்கயும் காணோம்!"

குழாய் நட்டுக்குத்தாக நின்றது. சுற்றிலும் வெறும் தரை, பளீரென்று. ஆரோக்கியராஜ் அதைக் கிழக்கே சுற்றி வந்தார், மேற்கே சுற்றி வந்தார். குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு, தோமையார் அல்லவா, குழாயை இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு அந்த இடத்தில் தானே போய் நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருடைய நிழல் மொத்தமும் தொப்பைக்குக் கீழே சுருண்டு பாதத்தைச் சுற்றி ஒடுங்கிக் கிடந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் முதல் தடவையாகத் தன் நிழலைத் தேடினார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். அங்கேதான் இருந்தது, செருப்புக்கு அடியில்.

"அட, அட, அட!" என்றார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மேரி, இங்க வா, வந்து நில்லு! ஒன் நெழல காட்டு பாப்போம்!" சவரிமேரி கரண்டியோடு வந்து நின்று, வெட்கப்பட்டு, ஒரு சுற்றுச் சுற்றினாள். மங்கலமும் சுற்றினாள். வாசலில் மூன்று பெரிய மனிதர்கள் வாலைத் தேடும் நாய்க்குட்டி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேற்கே இருந்த நிழல் கிழக்கே மெல்லத் தலைநீட்டியபோதுதான் ஆட்டம் நின்றது. ஆரோக்கியராஜ் மூச்சு வாங்கி நின்றார். முகம் பழைய ஆபரேட்டர் முகமாயிற்று.

"நீ தோத்துட்ட பாப்பா. பேப்பர்ல போட்டது பன்னெண்டு."

"ஆமாப்பா" என்றாள் பிரிசில்லா.

"நானும் தோத்துட்டேன். கணக்குல வர்றது வாசல்ல வராதுன்னேன். வந்துடுச்சு." அவர் அருள் பக்கம் திரும்பினார். "ஜெயிச்சது இவன் ஒருத்தன்தான். கேளுப்பா. ஒனக்கு என்ன வேணும்?"

பிரிசில்லா அருளைப் பார்த்தாள். கேளு, கேளு, என்று கண்ணாலேயே மன்றாடினாள். அருள் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிதம்பரத்திலிருந்து உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துவந்த வாக்கியங்கள் எல்லாம் ரயில்வே கேட்டிலேயே உதிர்ந்துபோயிருந்தன.

"கொஞ்சம் தண்ணி" என்றான்.

பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். மங்கலம் குடையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சவரிமேரி சொம்பில் தண்ணீர் கொண்டுவர, அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான். குடிக்கும்போதே ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான். ஏப்ரல் மாதத் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடிவந்திருக்கிறான். பாதம் கன்றிச் சிவந்து, அதன் மேல் புழுதி அப்பிக் கிடந்தது.

ஆரோக்கியராஜ் அந்தக் கால்களைப் பார்த்தார். நான்கு நாளாகப் பாதம் என்றாலே அவர் கண் தானாக அங்கே போய்விடும். "என்னா காலு இது! தோலு உரிஞ்சிரும்பா. ஒக்காரு இப்புடி" என்று அவனைப் படியில் அமர்த்தினார். தெளிக்க வைத்திருந்த வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மாற்றிய வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, சொம்பால் மொண்டு ஊற்றினார். ஒரு கையால் ஊற்றி, மறு கையால் புழுதியைத் தேய்த்துவிட்டார்.

மங்கலத்துக்குத்தான் முதலில் பட்டது. "யக்கா" என்று சவரிமேரியைக் கிள்ளினாள். "அண்ணன் என்னா பண்றாரு பாத்தியா? பொண்ணப் பெத்தவரு மாப்புள காலக் கழுவுறாரு!" சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள், நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். இரண்டு வீடு தள்ளி ஜன்னல்கள் திறந்தன.

ஆரோக்கியராஜின் கை அப்படியே நின்றது. கையில் சொம்பு. முன்னால் அருளின் ஒரு கால் கழுவி முடிந்திருந்தது, இன்னொரு கால் புழுதியோடு இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். சவரிமேரி நெய்வேலிப் பக்கமாகப் பார்ப்பது போல ஒரு கணம் எங்கேயோ பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். பிறகு அவர் மகளைப் பார்த்தார்.

"அந்தக் கால நீட்டு" என்றார் அருளிடம், சொம்பை மறுபடியும் வாளிக்குள் விட்டபடி.